300 எம்பிபிஎஸ் பிளான்... ஆனா ஸ்பீடு 94-லேயே நிக்குதா? வில்லன் இந்தச் சின்னப் பெட்டியா இருக்கலாம்!

வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இருக்கிறது. மாதாமாதம் 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணமும் கட்டுகிறீர்கள். ஆனால் மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94, 93, மறுபடியும் 94. அதைத் தாண்டி நகர மாட்டேன் என்கிறது. கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், "எங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்ற பதில்தான் வரும். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் பல வீடுகளில் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

ஏனென்றால் இந்த 94 என்ற எண், பிரச்னை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கைரேகை மாதிரி. ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் கருவியோ, சரியில்லாத கேபிளோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் 300-ல் இருந்து 500 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுகிறவர்களும் உண்டு. மாறினாலும் அந்தக் கம்ப்யூட்டரில் அதே 94-தான் வரும். கூடுதலாகக் கட்டும் பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

இதைச் சரிசெய்யும் கருவியின் பெயர் நெட்வொர்க் ஸ்விட்ச். அது எப்படி வேலை செய்கிறது, கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும், புதிதாகப் பேசப்படும் 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச் எல்லோருக்கும் தேவையா? விரிவாகப் பார்க்கலாம்.

நெட்வொர்க் ஸ்விட்ச் என்றால் என்ன?

சுவரில் லைட் போடும் ஸ்விட்ச் இல்லை இது. ரவுட்டரின் பின்னால் மூன்று, நான்கு லேன் போர்ட்டுகள்தான் இருக்கும். டிவி, கம்ப்யூட்டர், சிசிடிவி ரெக்கார்டர், மாடியில் இன்னொரு வைஃபை பாக்ஸ் என்று எல்லாவற்றையும் வயரில் இணைக்க அது போதாது. அப்போது ரவுட்டரில் இருந்து ஒரே ஒரு கேபிளை இழுத்து ஸ்விட்ச்சில் செருகினால், அங்கிருந்து நான்கு அல்லது ஏழு கருவிகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

பார்க்க பிளக் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி இருந்தாலும், உள்ளே கொஞ்சம் மூளை இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் மேக் அட்ரஸ் என்று ஒரு தனி அடையாள எண் உண்டு. எந்தப் போர்ட்டில் எந்த எண் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் தானாகவே கற்றுக்கொள்ளும். டிவிக்கு வரும் தகவலை டிவி இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பழைய தபால்காரர் மாதிரி.

முன்பு இருந்த 'ஹப்' என்ற கருவிக்கு இந்த அறிவு கிடையாது. ஒருவருக்கு வந்த கடிதத்தை எல்லா வீட்டுக்கும் நகல் எடுத்துப் போடும். அதனால்தான் ஹப் காணாமல் போய், ஸ்விட்ச் நிலைத்துவிட்டது.

100-க்குப் பதில் ஏன் 94 வருகிறது?

தகவல் மொத்தமாகப் போவதில்லை, சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர், சரிபார்ப்பு எண் என்று லேபிள் ஒட்ட வேண்டும். இரண்டு பொட்டலங்களுக்கு நடுவில் சின்ன இடைவெளியும் தேவை. இந்த லேபிளுக்கும் இடைவெளிக்கும் கிட்டத்தட்ட 5 முதல் 6 சதவீதம் போய்விடும்.

அதனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதிகபட்சம் 94 அல்லது 95 வரும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் 940 எம்பிபிஎஸ் வரை வரும். 2.5 ஜிபிபிஎஸ் இணைப்பில் சுமார் 2,350 எம்பிபிஎஸ். ஸ்பீடு டெஸ்ட் எண் இந்த உச்சவரம்புகளில் ஒன்றில் போய் முட்டி நின்றால், இன்டர்நெட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் வீட்டு வயரைப் பார்ப்பது நல்லது.

'ஃபாஸ்ட்' என்று போட்டிருந்தால் ஸ்லோ!

லேன் இணைப்புக்கு அடிப்படையான ஈதர்நெட் தொழில்நுட்பம், 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பாப் மெட்கால்ஃப் மற்றும் அவரது சகாக்களின் முயற்சியில் உருவானது. 1990-களின் தொடக்கத்தில் வேகம் 10 எம்பிபிஎஸ். 1995-ல் 100 எம்பிபிஎஸ் தரம் வந்தபோது, அதற்கு 'ஃபாஸ்ட் ஈதர்நெட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது வேகம்தான்.

நான்கே வருடத்தில், 1999-ல், சாதாரண செப்பு கேபிளிலேயே 1,000 எம்பிபிஎஸ், அதாவது ஜிகாபிட் தரம் வந்துவிட்டது. ஆனால் பழைய பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் பெட்டியின் மேல் 'ஃபாஸ்ட் ஈதர்நெட் ஸ்விட்ச்' என்று இருந்தால், அந்த அலமாரியிலேயே வேகம் குறைந்த ஸ்விட்ச் அதுதான்!

பெட்டியில் இருக்கும் இன்னொரு கண்கட்டு வித்தை

5 போர்ட் உள்ள 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சின் பெட்டியில், 'ஸ்விட்சிங் கெப்பாசிட்டி 1 ஜிபிபிஎஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "ஜிகாபிட் ஸ்விட்ச் சல்லிசா கிடைச்சுது" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். கணக்கு என்னவென்றால், 5 போர்ட், ஒவ்வொன்றிலும் 100 எம்பிபிஎஸ், போக வர இரண்டு திசை. 5 × 100 × 2 = 1,000. எல்லாப் போர்ட்டையும் கூட்டினால் வரும் மொத்தம் அது. ஒரு கம்ப்யூட்டருக்குக் கிடைக்கப் போவது 100-தான்.

அதேபோல 5 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச்சில் '10 ஜிபிபிஎஸ்' என்றும், 5 போர்ட் 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச்சில் '25 ஜிபிபிஎஸ்' என்றும் இருக்கும். அச்சிட்டது பொய் இல்லை, ஆனால் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய எண் அது இல்லை.

பார்க்க வேண்டியது இதுதான்:

* '10/100' என்று முடிந்தால் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்.
* '10/100/1000' என்று இருந்தால் ஜிகாபிட்.
* '100/1000/2500' அல்லது '2.5ஜி' என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் குறிப்பிட்டிருந்தால் 2.5 ஜிகாபிட்.

விலை வித்தியாசம் எவ்வளவு? 5 போர்ட் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதே 5 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச், பிராண்டைப் பொறுத்து ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, மாதாமாதம் கட்டும் பிளானில் மூன்றில் இரண்டு பங்கை அந்த அறைக்குக் கிடைக்காமல் செய்வது நஷ்டக் கணக்கு.

ஸ்விட்ச் புதுசு... ஆனாலும் 94 தானா?

அப்போ கேபிளைப் பாருங்கள். லேன் கேபிளுக்குள் இரண்டு இரண்டாக முறுக்கிய 8 மெல்லிய வயர்கள் இருக்கும். 100 எம்பிபிஎஸ்-க்கு அதில் 4 வயர் போதும். ஜிகாபிட்டுக்கும் அதற்கு மேலும் 8 வயரும் வேண்டும். எட்டில் ஒன்று அறுந்திருந்தாலும், முனையில் சரியாகக் கிரிம்ப் செய்யாமல் விட்டிருந்தாலும், பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு வேலை செய்யும், இன்டர்நெட்டும் வரும், வேகம் மட்டும் வராது. அதனால்தான் பலருக்கும் இது தெரியாமலேயே போகிறது.

வீடு கட்டும்போது வயரிங் செய்தவர், ஒரே கேபிளில் 4 வயரை இன்டர்நெட்டுக்கும் மீதி 4 வயரை போனுக்கோ கேமராவுக்கோ பிரித்துக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு சிக்கல், 'சிசிஏ' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கேபிள். வெளியே மெல்லிய செப்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். விலை குறைவு என்பதால் கேட் 6 என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. வயரின் மேல்பூச்சைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். சுவருக்குள் குழாய் வழியாக ஒருமுறை இழுத்தால் பத்துப் பதினைந்து வருடம் இருக்கப்போகும் கேபிள் அது. அங்கே மட்டும் கஞ்சம் வேண்டாம். முழுச் செப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கேபிள் போதும்? 1 ஜிகாபிட்டுக்கும் 2.5 ஜிகாபிட்டுக்கும் நல்ல கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை தாங்கும். 10 ஜிகாபிட் என்றால் கேட் 6 கேபிளில் சுமார் 55 மீட்டர் வரை, கேட் 6ஏ கேபிளில் 100 மீட்டர் வரை. வீட்டுக்குள் இந்தத் தூரங்களே அதிகம். எனவே கேட் 7, கேட் 8 என்று விலை உயர்ந்த கேபிளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பிரச்னை எங்கே? 10 நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்

1. முதலில் ஸ்விட்ச்சை விட்டுவிட்டு, லேப்டாப்பை நேரடியாக ரவுட்டரில் ஒரு நல்ல கேபிளால் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். இங்கே முழு வேகம் வந்தால் கம்பெனி மேல் தப்பில்லை.

2. இங்கேயும் 94 என்றால், ரவுட்டரின் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். ஃபைபர் இணைப்போடு தரும் சில பாக்ஸ்களில் ஒரே ஒரு போர்ட் மட்டும்தான் ஜிகாபிட். அதன் மேல் 'ஜிஇ' என்று ஆங்கிலத்தில் இருக்கும். மற்றவை 'எஃப்இ', அதாவது மேலே சொன்ன ஃபாஸ்ட் ஈதர்நெட். எல்லாப் போர்ட்டுமே எஃப்இ என்றால், அந்தப் பாக்ஸை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

3. விண்டோஸ் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீடு' என்று ஒரு வரி இருக்கும். அது 100/100 என்று காட்டினால் வயரில் எங்கோ அடைப்பு. 1000/1000 என்றால் அந்த இணைப்பு சரி.

4. அடுத்து ஸ்விட்ச்சை நடுவில் சேர்த்து, அதே கேபிளால் சோதியுங்கள். இங்கே வேகம் விழுந்தால் ஸ்விட்ச்தான் குற்றவாளி.

5. ஸ்விட்ச்சும் சரி என்றால், மிச்சம் இருப்பது சுவருக்குள் போகும் கேபிள். இரண்டு முனையையும் புதிதாகக் கிரிம்ப் செய்து பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

"பழைய டிவியை இணைத்தால் மற்றதும் ஸ்லோ ஆகுமா?"

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. ஆகாது. ஸ்விட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் தனித்தனியாக வேகத்தைப் பேசி முடிவு செய்துகொள்ளும். ஒரு போர்ட்டில் 100 எம்பிபிஎஸ் டிவி, பக்கத்துப் போர்ட்டில் ஜிகாபிட் கம்ப்யூட்டர் இருந்தால், இரண்டும் அதனதன் வேகத்தில் ஓடும்.

சொல்லப்போனால் பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் இருப்பதே 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். 4கே படம் பார்க்க 15 முதல் 25 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்பதால் அதில் குறை எதுவும் இல்லை. சிசிடிவி ஐபி கேமராக்களும் அப்படித்தான். எனவே வீட்டில் இருக்கும் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம். டிவி, கேமரா பக்கம் ஒதுக்கிவிடுங்கள். கம்ப்யூட்டருக்கும் வைஃபை பாக்ஸுக்கும் போகும் வழியில் மட்டும் அது இருக்கக் கூடாது. நடுவில் ஒரு 100 ஸ்விட்ச் இருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாக் கருவிகளும் சேர்ந்து அந்த 100-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

2.5 ஜிகாபிட்: இப்போது ஏன் திடீர் பேச்சு?

ஜிகாபிட்டுக்குப் பிறகு 2006-லேயே செப்பு கேபிளில் 10 ஜிகாபிட் தரம் வந்துவிட்டது. ஆனால் விலை, சூடு, மின்சாரச் செலவு மூன்றுமே அதிகம் என்பதால் அலுவலகங்கள், டேட்டா சென்டர்களோடு நின்றுவிட்டது. ஏற்கெனவே போட்ட பழைய கேபிளிலேயே ஓடும்படி, 2.5 மற்றும் 5 ஜிகாபிட் தரங்களை 2016-ல் ஐஇஇஇ அமைப்பு அங்கீகரித்தது. கேபிளை மாற்றாமலேயே இரண்டரை மடங்கு வேகம் என்பதுதான் இதன் பெரிய ப்ளஸ்.

ஆரம்பத்தில் இந்த ஸ்விட்ச்சுகளும் விலை அதிகம்தான். தைவானின் ரியல்டெக் போன்ற நிறுவனங்கள் மலிவான சிப்புகளைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. நிறைய புது மதர்போர்டுகளிலும், வைஃபை 6, வைஃபை 7 ரவுட்டர்களிலும் 2.5 ஜிகாபிட் போர்ட் வர ஆரம்பித்தது. பெரிய பிராண்டுகளோடு, பெயர் தெரியாத சீனத் தயாரிப்புகளும் ஆன்லைனில் குவிந்தன. இருந்தாலும் ஜிகாபிட் ஸ்விட்ச்சோடு ஒப்பிட்டால் இன்னும் சில மடங்கு விலைதான்.

யாருக்கு 2.5 தேவை? யாருக்குத் தேவையில்லை?

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்விட்ச் இன்டர்நெட்டை வேகப்படுத்தாது. 300 எம்பிபிஎஸ் பிளான் வைத்துக்கொண்டு 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கினாலும் 300-தான் வரும். வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் வேகம்தான் கூடும்.

அந்த வேகம் யாருக்குச் சோறு போடுகிறதோ, அவர்களுக்குத்தான் அது தேவை. உதாரணமாக, வீட்டிலேயே உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள். முகூர்த்த சீசனில் ஒரு கல்யாணத்துக்கு 500 ஜிபி ஃபுட்டேஜ் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்கோ, நாஸ் எனப்படும் நெட்வொர்க் ஸ்டோரேஜுக்கோ மாற்ற ஆகும் நேரம்:

* 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்: கிட்டத்தட்ட 12 மணி நேரம்.
* ஜிகாபிட் ஸ்விட்ச்: சுமார் 1 மணி 15 நிமிடம்.
* 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச்: சுமார் அரை மணி நேரம்.

ஆனால் இதில் ஒரு கண்டிஷன். ஸ்விட்ச், கம்ப்யூட்டர், ஸ்டோரேஜ் மூன்றிலும் 2.5 ஜிகாபிட் போர்ட் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தாலும் அந்தக் குறைந்த வேகம்தான் கிடைக்கும். அதோடு, தகவலைச் சேமிக்கும் டிஸ்க்கும் ஓட வேண்டும். சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு 150 முதல் 250 எம்பி வரைதான் எழுதும். 2.5 ஜிகாபிட் இணைப்போ நொடிக்கு சுமார் 280 எம்பி அனுப்பும். எஸ்எஸ்டி இல்லாவிட்டால் கொடுத்த காசுக்கு முழுப் பலன் வராது.

மற்றபடி ஆன்லைன் கிளாஸ், ஒர்க் ஃப்ரம் ஹோம், ஓடிடி, கேம்ஸ் என்று இருக்கும் வீடுகளுக்கு ஜிகாபிட் தாராளம். வீடியோ காலுக்குச் சில எம்பிபிஎஸ் போதும். அங்கே வேகத்தைவிட, வைஃபை மாதிரி விட்டு விட்டு வராமல் வயரில் சீராக வருவதுதான் முக்கியம்.

10 ஜிகாபிட்டைப் பொறுத்தவரை, சில 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச்சுகளிலேயே 'எஸ்எஃப்பி பிளஸ்' என்ற பெயரில் இரண்டு 10 ஜிகாபிட் துளைகள் இருக்கும். அதில் சாதாரண லேன் கேபிளைச் செருக முடியாது. தனி மாட்யூல் வாங்க வேண்டும், செப்பு கேபிளுக்கான மாட்யூல் நன்றாகவே சூடாகும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கருவிகளுக்கு 'டேக்' எனப்படும் நேரடி கேபிள் மலிவு, சூடும் குறைவு.

வாங்கும் முன் இதையெல்லாம் கவனியுங்கள்

அடாப்டர்: மாடலைப் பொறுத்து 5, 9 அல்லது 12 வோல்ட் அடாப்டர் வரும். கரண்ட் போனாலும் இன்டர்நெட் ஓட ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வைத்திருக்கிறவர்கள், அதே வோல்ட் ஸ்விட்ச்சுக்கும் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். 5 வோல்ட் ஸ்விட்ச்சில் 12 வோல்ட் பின்னைச் செருகினால் ஸ்விட்ச் காலி. பெயர் தெரியாத தயாரிப்பு என்றால், அடாப்டரில் பிஐஎஸ் பதிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடு: ஜிகாபிட் ஸ்விட்ச் லேசாகத்தான் சூடாகும். 2.5 ஜிகாபிட் கொஞ்சம் அதிகம். நம்ம ஊர் மே மாத வெயிலில், டிவிக்குப் பின்னால் மூடிய அலமாரிக்குள் வைப்பதைத் தவிர்க்கலாம். மெட்டல் பாடி என்றால் சூடு எளிதில் வெளியேறும்.

கரண்ட் பில்: 5 வாட் இழுக்கும் ஸ்விட்ச் 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 3.6 யூனிட். இரண்டு மாத பில்லில் 7 யூனிட் சொச்சம். பயப்பட ஒன்றுமில்லை.

பிஓஇ: கேமராவுக்கு லேன் கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்பும் வசதி இது. கேமரா இல்லாத வீட்டுக்கு இதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மேனேஜ்டு, அன்மேனேஜ்டு: மேனேஜ்டு ஸ்விட்ச்சில் நெட்வொர்க்கைப் பிரிப்பது போன்ற செட்டிங்ஸ் உண்டு. சாதாரண வீட்டுக்கு, செருகினால் ஓடும் அன்மேனேஜ்டு போதும்.

இடி, மின்னல்: மொட்டை மாடி கேமராவுக்கோ, அடுத்த கட்டடத்துக்கோ வெளியே இழுத்த செப்பு கேபிள் வழியாக, இடி இடிக்கும்போது அதிக மின்னழுத்தம் ஏறி ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் போய்விடும் ஆபத்து இருக்கிறது. கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இணைப்புக்கு, மின்சாரம் கடத்தாத ஃபைபர்தான் பாதுகாப்பு.

செய்யவே கூடாத இரண்டு தவறுகள்

ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிடக் கூடாது. தகவல் வட்டமடித்துப் பெருகிக்கொண்டே போய், வீட்டு நெட்வொர்க் மொத்தமும் முடங்கிவிடும். இதைத் தடுக்கும் முறையை 1985-லேயே ராடியா பெர்ல்மன் என்ற பெண் விஞ்ஞானி உருவாக்கிவிட்டார். ஆனால் விலை குறைந்த அன்மேனேஜ்டு ஸ்விட்ச்சுகள் பலவற்றில் அந்த வசதி இருக்காது.

இரண்டாவது, ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும் தனித்தனியாக இருக்கும் வீடுகளில், ஸ்விட்ச்சை ரவுட்டருக்கு முன்னால் இணைப்பது. ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுப்பது ரவுட்டரின் வேலை, ஸ்விட்ச்சுக்கு அது தெரியாது. எனவே வரிசை எப்போதும் ஃபைபர் பாக்ஸ், ரவுட்டர், அதன் பிறகு ஸ்விட்ச்.

அப்போ எதை வாங்கலாம்?

* 100 எம்பிபிஎஸ் வரை பிளான், டிவியும் கேமராவும் மட்டும் இணைக்க வேண்டும் என்றால்: கையில் இருக்கும் பழைய ஸ்விட்ச்சே ஓடட்டும்.
* 100-க்கு மேல் 1 ஜிபிபிஎஸ் வரை எந்தப் பிளானாக இருந்தாலும், அல்லது புதிதாக வாங்குவதாக இருந்தால்: ஜிகாபிட் அன்மேனேஜ்டு ஸ்விட்ச். இப்போது தேவைப்படுவதைவிட ஓரிரு போர்ட் அதிகமாக இருப்பது நல்லது.
* பெரிய ஃபைல்களோடு தினமும் மல்லுக்கட்டும் வேலை, எஸ்எஸ்டி உள்ள நாஸ், 2.5 போர்ட் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் இருந்தால்: 2.5 ஜிகாபிட்.

பிளானை அப்கிரேடு செய்யச் சொல்லி அடுத்த முறை போன் வரும்போது, உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். லிங்க் ஸ்பீடு 100 என்று காட்டுகிறதா, 1000 என்று காட்டுகிறதா என்பதை முதலில் பாருங்கள். 100 என்றால், செலவு செய்ய வேண்டிய இடம் பிளான் இல்லை. ஆயிரம் ரூபாய் ஸ்விட்ச்சோ, கிரிம்ப் செய்ய வேண்டிய இரண்டு கேபிள் முனையோதான்.